துணைக்கு வந்தவர்

எங்கள் மையத்துக்குத் தனியாக யாரும் வந்துவிட முடியாது. குடியை விட வேண்டும் என்று ஒருவர் தானே முடிவு செய்து, தானே பஸ் ஏறி, தானே வரிசையில் வந்து நின்றாலும், சீட்டு போடும் ஜன்னலில் முதல் கேள்வி "துணைக்கு யார் வந்திருக்காங்க?" என்பதுதான். யாரும் இல்லையென்றால், போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவோம். எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். துணை இல்லாமல் எங்களிடம் வைத்தியமே இல்லை.

என் பெயர் சற்குணம். பண்ருட்டி மீட்பு மையத்தில் பதினாறு வருடமாக ஆலோசகர். இங்கே படுக்கை கிடையாது. காலையில் வந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுகிற புறநோயாளிகள் மட்டும்தான். முன்பெல்லாம் மாத்திரை கொடுத்தோம், மணிக்கணக்கில் பேசிப் பார்த்தோம், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம்கூட வாங்கினோம். பத்துப் பேரில் ஏழு பேர் வாசலைத் தாண்டியதும் நேராகக் கடைக்குப் போனார்கள். ஆறு வருடத்துக்கு முன் இணைப்பட்டை வந்தது. இப்போது பத்துக்கு ஒன்பது பேர் தேறுகிறார்கள். அந்த ஒன்பதைச் சொல்லிச் சொல்லியே நான் கொஞ்சம் தலைக்கனத்தோடு திரிந்துகொண்டிருந்தேன். மற்ற ஊர் மையங்களுக்குப் போய்ப் பயிற்சியெல்லாம் கொடுத்தேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் பலாப்பழ சீசன் முடிகிற சமயத்தில் கலியமூர்த்தி வந்தார். பலா மண்டியில் லோடு ஏற்றுபவர். கை நடுக்கத்தில் பெரிய பழமொன்றை இன்னொருவர் பாதத்தில் போட்டுவிட்டதால் மண்டியில் நிறுத்திவிட்டார்கள். துணைக்கு அவர் மனைவி அஞ்சலாட்சி. முந்திரி உடைக்கிற வேலை. ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருந்தன. அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேசைமேல் இரண்டு பட்டைகளை எடுத்து வைத்தேன்.

"இத ரெண்டு பேரும் தலையில மாட்டிக்கிட்டு பக்கத்துப் பக்கத்துல உக்காரணும். நாப்பது நிமிஷம். வாரத்துக்கு ரெண்டு தடவ, ஆறு வாரம்."

"ஷாக் அடிக்குமா சார்?" என்றார் கலியமூர்த்தி.

"அடிக்காது. சாயங்காலமானா உள்ளாற ஒண்ணு கெளம்புதில்ல, குடிச்சே ஆவணும்னு? அது மூளையில ஒரு எடத்துல உக்காந்திருக்கு. அத அழிக்க முடியாது. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் பாத்துட்டாங்க, முடியல. ஆனா கெளப்பி வேற எடத்துக்கு அனுப்ப முடியும்."

"எந்த எடத்துக்கு?"

"இவங்களுக்கு."

அஞ்சலாட்சி தலையை நிமிர்த்தினார். கலியமூர்த்தி முகத்தில் ஒரு பதற்றம். அதைச் சொல்லத்தான் வேண்டும், அந்த மனிதர் கெட்டவரில்லை.

"வேணாம் சார். நான் கெட்டது போதும். அவளும் குடிகாரி ஆயிட்டா வீடு இன்னாவறது?"

நான் சிரித்தேன். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள், பதிலை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். "அவங்க மூளைக்கு சரக்குன்னா என்னன்னே தெரியாதுங்க. ஏக்கம் வரும், ஆனா எதுக்குன்னு தெரியாது. ரெண்டு மூணு நாள் எரிச்சலா இருக்கும், நாக்கு வறளும், ஏதோ தொலைச்சிட்டாப்ல இருக்கும். புடிச்சிக்க ஒரு கொம்பு கெடைக்காம அது தானா பட்டுப் போயிடும். அதுக்குத்தான் குடிச்சே பழகாதவங்களத் துணைக்குக் கேக்கறது."

"எத்தினி நாளுக்கு இருக்கும் சார்?" என்று கேட்டார் அஞ்சலாட்சி. அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"மூணு நாள். அதுக்கு மேல இருந்தா என்னக் கேளுங்க."

பிறகு படிவம். திரையில் பத்துக் கேள்விகள். ஒன்பதாவது இப்படி இருக்கும்: துணை வருபவர் எப்போதாவது, எந்த அளவிலாவது, மது அருந்தியதுண்டா? அந்தக் கேள்வியை நான் எந்தப் பெண்ணிடமும் கேட்டதில்லை. புருஷன் குடியால் நொந்து, இருக்கிற ஒரு நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, நீங்கள் குடித்திருக்கிறீர்களா அம்மா என்று எப்படிக் கேட்பது? 'இல்லை' என்ற கட்டத்தை நானே தட்டிவிட்டுப் பத்தாவதுக்குப் போய்விடுவேன். அதை நாகரிகம் என்று நினைத்தேன். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

அஞ்சலாட்சி எட்டாவது வரை படித்தவர். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், ஒம்பதாவதுல இன்னா எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா சம்பிரதாயம்."

"இல்ல சார், அது வந்து..."

"பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டார்.

ஆறு வாரத்தில் கலியமூர்த்தி வேறு ஆளாகிவிட்டார். சதை பிடித்தது, மண்டியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். நூறாவது நாளன்று மையத்தில் எல்லோருக்கும் செய்வதுபோல் அவருக்கும் சால்வை போட்டோம். மைக்கைப் பிடித்து, "மனசு வெச்சா முடியும். நான் வெச்சன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அவர் மனசு வைத்ததால் போகவில்லை, பக்கத்து நாற்காலிக்கு மாற்றியதால் போனது என்று அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லக் கூடாது. தன்னால் முடிந்தது என்று நம்புவது அவருக்கு நல்லதாம். பின்வரிசையில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தார். அவர் கைதட்டினாரா என்று நான் கவனிக்கவில்லை.

அப்புறம் பத்து மாதம் அந்தக் குடும்பத்தை மறந்தே போனேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சீட்டு ஜன்னலில் ஏதோ தகராறு. எட்டிப் பார்த்தேன். "துணைக்கு வந்தவங்க சீட்டு போட முடியாதும்மா, பேஷண்ட் எங்க?" என்று ஜன்னல்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "நான்தான் பேஷண்ட்டு" என்றது ஒரு குரல். ஜன்னல்காரர் சிரித்துவிட்டார். உள்ளே கூட்டிவந்த பிறகுதான் அது அஞ்சலாட்சி என்று எனக்கு அடையாளம் தெரிந்தது. முகம் உப்பியிருந்தது. காலை பத்தரை மணிக்கே அந்த வாசனை இருந்தது. பதினாறு வருடம் அதை முகர்ந்தவன் நான், ஆனால் ஒரு பெண்ணிடமிருந்து வந்ததும் வேறு ஏதோ என்று நினைக்கப் பார்த்தேன்.

"மூணு நாள்ல போயிடும்னீங்க. போவல சார்."

"எப்பலேருந்தும்மா?"

"மொத தடவ பட்டைய மாட்டினதுலேருந்து. சாயங்காலம் ஆறு மணியாச்சின்னா நெஞ்சுக்குள்ளாற யாரோ கூப்புடறாங்க. எதுக்குன்னு தெரியாத ஏக்கம்னு சொன்னீங்கல்ல? எனக்கு எதுக்குன்னு தெரிஞ்சிட்டுது சார்."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். அவரே சொன்னார்.

"சங்கவி பொறந்தப்ப ஒடம்பெல்லாம் வலின்னு எங்க மாமியா பிராந்திய வெந்நியில கலந்து குடுத்தாங்க. ஒம்பது நாளு. புள்ள பெத்தவளுக்கெல்லாம் குடுக்கறதுதான, மருந்துன்னு குடிச்சன். நல்லா இருந்துச்சு சார். வலியெல்லாம் தூரப் போயிட்டுது. பத்தாவது நாளு குடுக்கல, நானும் கேக்கல. பதினாறு வருசமா நெனச்சிக்கூடப் பாத்ததில்ல. இந்தப் பட்டைய மாட்டினதும் அந்த ருசி அப்பிடியே வந்து நாக்குல நிக்குது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்று வாய்வரை வந்தது. நல்ல வேளையாக வெளியே வரவில்லை. அன்றைக்குச் சொல்ல வந்தவரின் வாயை அடைத்தது யார்?

நாலு மாதம் தாக்குப்பிடித்தாராம். ஆறு மணியானால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோலப்பொடியால் தரை முழுக்கப் புள்ளி வைப்பாராம், கை சும்மா இருக்கக் கூடாதென்று. ஐந்தாவது மாதம் ஒருநாள், தன்னை யாருக்கும் தெரியாத நெய்வேலிக்கு பஸ் ஏறிப் போய் வாங்கியிருக்கிறார். இப்போது முந்திரிக் கொட்டகையில் அவரை உள்ளே விடுவதில்லை.

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"நான் விட்டனே, நீ ஏன் வுடமாட்ட, மனசு வெச்சா முடியாதாங்கறாரு." அஞ்சலாட்சி சிரித்தார். "அவருது தான் சார் இது. அவரு மூட்டைய நான் தூக்கிகினு இருக்கறன். அவருக்கே அடையாளம் தெரியல."

அவரை உட்காரவைத்துவிட்டு டாக்டர் நஸீமாவிடம் ஓடினேன். மையத்துக்கு அவர்தான் பொறுப்பு. முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒன்பதாவது கேள்விய நீங்க கேட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாத்திரை?" என்றேன்.

"நாலு வருஷமா சப்ளை இல்ல, சற்குணம். தேவையில்லன்னு நாமதானே எழுதிக் குடுத்தோம்?"

"திருப்பிக் கலியமூர்த்திக்கே அனுப்ப முடியாதா?"

"முடியும். அவர் சம்மதிக்கணும். சம்மதிச்சா மறுபடி குடிப்பார். இல்லன்னா குடிச்சே பழகாத வேற ஒருத்தர் துணைக்கு உக்காரணும். வீட்ல யார் இருக்கா?"

"ஒரு பொண்ணு மட்டும்தான், வேற சொந்தம் இல்ல. பதினெட்டு ஆக இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

பதினெட்டு முடியாதவர்களை உட்காரவைக்கக் கூடாது. ரத்த உறவோ தாலி உறவோ இருந்தால்தான் துணைக்கு உட்காரலாம். வசதியானவர்கள் வீட்டு வேலைக்காரர்களை உட்காரவைக்க ஆரம்பித்த பிறகு வந்த விதி அது. நல்ல விதிதான்.

"விதிவிலக்கு கேட்டு எழுதலாம்," என்றார் டாக்டர் கடைசியாக. "அதுக்கு ஒருத்தர் முன்வந்து கையெழுத்துப் போடணும். நீங்க குடிச்சதே இல்லன்னு சொல்லுவீங்கல்ல. நீங்க உக்காரறீங்களா?"

மூன்று நாள் எரிச்சல், மூன்று நாள் தாகம். அவ்வளவுதான் என்று முந்நூறு பேருக்கு ஒப்பித்தவன் நான். "வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன் டாக்டர்" என்றேன்.

இன்றுவரை வீட்டில் கேட்கவில்லை. டாக்டரும் அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை.

கலியமூர்த்தியை வரச் சொன்னேன். மண்டியிலிருந்து நேராக வந்தார், சட்டையெல்லாம் பலாப்பால். விஷயத்தைச் சொன்னதும் உள்ளங்கையில் ஒட்டியிருந்த பாலைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"நான் எப்பிடி சார் மறுபடியும்?" என்றார். "குடிக்கணும்னு தோணினது எப்பிடி இருந்துச்சுன்னே எனக்கு நெனப்பு இல்ல. ஆனா பொண்ணு பள்ளிக்கூட ஆண்டு விழாவுல வாந்தி எடுத்தது நெனப்பு இருக்குது. அவ மேடையிலேருந்து பாத்தா சார். அத மறுபடி பாக்கறதுக்கு என்னால ஆவாது."

"உங்க வீட்டம்மா கஷ்டப்படறாங்களே."

"தெரியுது சார். பாத்துகினுதான் இருக்கறன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அவ கொஞ்சம் மனசு வெச்சான்னா..."

அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு என்ன யோக்கியதை? மனசு வைத்துத்தான் தேறினார் என்று சால்வை போட்டவர்கள் நாங்கள்.

சனிக்கிழமைகளில் நடக்கும் கலந்துரையாடலுக்கு அஞ்சலாட்சியை வரச் சொன்னேன். ஒரு தடவை வந்தார். இருபத்திரண்டு ஆண்கள், எல்லோரும் ஒரு காலத்தில் சாக்கடையில் கிடந்தவர்கள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஒருவர் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை அஞ்சலாட்சி வரவில்லை.

என்னால் முடிந்த ஒன்று பாக்கி இருந்தது. இனி வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் ஒன்பதாவது கேள்வியைக் கேட்பது என்று முடிவு செய்தேன். முதலில் வந்த அம்மா, "அய்யோ, சிவ சிவா" என்று காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது, திருமணமாகி எட்டு மாதமே ஆன பெண். நான் கேட்டதும் புருஷன்காரன் எழுந்து என் சட்டையைப் பிடித்தான். தள்ளாடிக்கொண்டு நின்றவன்தான், ஆனால் கோபம் மட்டும் தெளிவாக இருந்தது. "எங்க வூட்டுப் பொம்பளயப் பாத்து இன்னா கேள்வி கேக்கற?" அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். வாரத்துக்குள் என் மேல் நாலு புகார்.

டாக்டர் நஸீமா கூப்பிட்டனுப்பினார். "கேக்காதீங்க, சற்குணம். மேலேருந்து சொல்லிட்டாங்க."

"கேக்காம எப்படி டாக்டர் படிவத்தப் பூர்த்தி பண்றது?"

"நீங்க புதுப் படிவத்தப் பாக்கலயா?" என்று திரையை என் பக்கம் திருப்பினார். துணை வருபவர் என்ற இடத்தில் 'பெண்' என்று தட்டினார். ஒன்பதாவதில் 'இல்லை' தானாகவே விழுந்தது. "அனுபவசாலிங்க எப்படி நிரப்பறாங்கன்னு பாத்து அதுவே கத்துக்கும். ஆறு வருஷத்துல ஒரு பொண்ணுக்குக்கூட 'ஆம்'னு விழல. அப்புறம் எதுக்கு நேரத்த வீணாக்கணும்னு அதுவா நிரப்பிடுது. நேத்துலேருந்து எல்லா மையத்துலயும் இதுதான்."

"யாரப் பாத்து கத்துக்கிச்சு?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

அன்று மதியம் பழைய படிவங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனையோ பெண்கள். எத்தனை பேர் பிள்ளை பெற்றவர்கள், எத்தனை பேருக்கு ஒன்பது நாள் வெந்நீரில் கலந்து கொடுத்திருப்பார்கள்? இருபது பேருக்கு போன் போட்டேன். எல்லாப் பெண்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நல்லா இருக்கறன் சார், அவரும் நல்லா இருக்காரு." பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருந்தார்களோ என்னவோ. ஒருவர் மட்டும் பேச்சை முடிக்காமல் கொஞ்சநேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டார்.

அஞ்சு மாதம் ஓடிப்போயிற்று.

போன வியாழக்கிழமை அஞ்சலாட்சி மகளோடு வந்தார். சங்கவி நர்சிங் முதல் வருடம். ஒல்லியாக, அப்பா ஜாடை. அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாள். அஞ்சலாட்சியின் வயிறு வீங்கி, கண் மஞ்சளாக இருந்தது. என்னைப் பார்த்து, "வேணாம்னு சொன்னன் சார், கேக்கமாட்டேங்கறா" என்றார்.

சங்கவி உள்ளே வந்து பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அம்மாவின் ஆதார், தன்னுடைய ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு.

"நேத்தோட எனக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டுது சார். அம்மாவுக்குத் துணைக்கு நான் உக்காரறன்."

ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தேன். போன மாதம் இரண்டு தடவை ரத்த வாந்தி. குடியை நிறுத்தாவிட்டால் கல்லீரல் தாங்காது, அதிகம் போனால் ஆறு மாதம் என்று அந்த டாக்டர் பட்டவர்த்தனமாகவே எழுதியிருந்தார்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொன்னன். அழுதாரு. அவ்ளோதான்."

படிவத்தைத் திறந்தேன். பெயர், வயது, உறவு. 'பெண்' என்று தட்டினேன். ஒன்பதாவதில் 'இல்லை' விழுந்தது. நான் எதையும் தட்ட வேண்டாம், பத்தாவதுக்குப் போனால் போதும். பன்னிரண்டு தடவை நாற்காலியில் உட்காருவாள், அஞ்சலாட்சி பிழைத்துக்கொள்வார். எனக்கும் உறக்கம் வரும்.

"சங்கவி, ஒண்ணு கேக்கணும்," என்றேன். "கோவிச்சுக்காத. நீ எப்பவாவது, கொஞ்சமாவது, குடிச்சிருக்கியா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நர்சிங் படிக்கிற பெண், கேள்வியைக் கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டாள். யோசித்தாள்.

"குடிச்சதில்ல சார். ஆனா நாலஞ்சு வயசுல அப்பா குடிச்சிகினு இருக்கறப்ப பக்கத்துல போய் நிப்பன். வெரல கிளாஸ்ல உட்டு என் நாக்குல தடவுவாரு. நான் மூஞ்சியச் சுளிப்பன், எல்லாரும் சிரிப்பாங்க. அவங்க சிரிக்கறாங்களேன்னு மறுபடி போய் நாக்க நீட்டுவன். ஒண்ணாவது சேக்கற வரைக்கும் தெனமும் அதான் வெளயாட்டு." நிறுத்தினாள். "அது குடிச்சதுல சேருமா சார்?"

எனக்குத் தெரியவில்லை. அவளை உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். அவருக்கும் தெரியவில்லை. பட்டையைச் செய்கிறவர்களுக்கு போன் போட்டுக் கேட்டார். அவர்கள் யாரோ யாரிடமோ மாற்றிவிட்டார்கள். கடைசியில் ஒருவர், "எந்த அளவிலாவது என்றுதானே போட்டிருக்கிறது மேடம்?" என்று சொல்லி வைத்துவிட்டார். டாக்டர் என்னிடம், "தெரிஞ்சே ஒரு பதினெட்டு வயசுப் பொண்ண என்னால உக்காரவைக்க முடியாது" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

திரும்பி வந்து 'இல்லை'யை அழித்து 'ஆம்' தட்டினேன். 'துணைக்குத் தகுதியில்லை' என்று காட்டிவிட்டுப் படிவம் மூடிக்கொண்டது. தகுதியில்லாதவர்களின் படிவத்தை அது சேர்த்து வைப்பதுகூட இல்லை. சங்கவி பெயரும் போயிற்று, அஞ்சலாட்சி பெயரும் போயிற்று.

"அப்ப அம்மாவுக்கு?" என்று கேட்டாள்.

வேறு மருந்து வரப்போகிறது, எழுதிப் போட்டிருக்கிறோம், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று ஏதேதோ சொன்னேன். ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. அவள் ஆதார் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள்.

"கடலூர்லயும் சென்டர் இருக்குதில்ல சார்? அங்க இந்தக் கேள்விய கேப்பாங்களா?"

"எல்லா சென்டர்லயும் கேப்பாங்கம்மா."

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அதுல 'இல்ல'ன்னு விழுந்திடுச்சே சார். பாத்தன்."

அவள் குரலில் கோபமே இல்லை. வழி கேட்டுத் தெரிந்துகொண்டவள்போல் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். வெளியே அஞ்சலாட்சி மகளை நிமிர்ந்து பார்த்து, "முடியாதாமா?" என்று கேட்டார். "இங்க இல்லியாம்மா, வா" என்று மகள் அவரைத் தூக்கி நிறுத்தினாள். அஞ்சலாட்சியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. போகும்போது என்னைப் பார்த்து அந்தக் கறுத்த கைகளைக் கூப்பினார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டைக் கடந்து, வீட்டுப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார்கள்.

உடனே கடலூர் மையத்துக்கு போன் போட்டேன். எடுத்தது கோபிநாத். நான் பயிற்சி கொடுத்த பையன், தங்கமான பிள்ளை. விஷயத்தை முழுவதும் சொன்னேன். சங்கவி என்று ஒரு பெண் வருவாள், தயவுசெய்து ஒன்பதாவது கேள்வியைக் கேள், உட்காரவைக்காதே என்றேன்.

"அவங்க 'இல்ல'ன்னு சொன்னா நான் என்ன சார் பண்றது?" என்றான்.

"நாக்குல தடவினத நோண்டிக் கேளு."

மரியாதையாக, கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னான்: "பொம்பளப் புள்ளகிட்டப் போய் அதெல்லாம் எப்படி சார் கேக்கறது? சும்மா சம்பிரதாயம்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க?"

போனை வைத்தேன். பண்ருட்டியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.